இரு சக்கரமும் ஊர் மூட்டையும்

ஊரிலிருந்து வரும் ரயிலை எதிர்கொள்ளப் புறப்படும் நாள், தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு சிறு திருநாள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் கடந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியில் வந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஜ்ரத் நிஜாமுதீனில் பயணத்தை முடிக்கிறது. வண்டியிலிருந்து உறவினர் இறங்குவதற்கு முன்னரே அவர்தம் மூட்டைகள் இறங்கிவிடும். புழுங்கல் அரிசி, இட்லி அரிசி, நல்லெண்ணெய், கருவடாம், மாவடு, முறுக்கு, தேங்காய், செய்தித்தாளில் சுற்றிய வெண்கலப் பானை என்று அந்தப் பட்டியல் நீளும். இவையெல்லாம் தில்லியில் கிடையாதா என்று வடநாட்டு நண்பர் வியப்பார். கிடைக்கும்தான். ஐ.என்.ஏ. சந்தையிலும் கரோல் பாகிலும் முனிர்காவிலும் பணம் கொடுத்தால் எல்லாம் கிடைக்கும். ஆனால் அம்மா கையால் கட்டிக் கொடுத்த மூட்டை அங்கே கிடைக்காது.

ரயில் நிர்வாகமும் இவ்விஷயத்தில் தாராள மனம் உடையது. ஸ்லீப்பர் வகுப்பில் பயணம் செய்பவர் ஒவ்வொருவரும் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுவரலாம். தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து வந்தால் 80 கிலோ ஆயிற்று. அவ்வளவையும் நாட்டின் தென்முனையிலிருந்து வடக்கு வரை ரயில் சுமந்து வருகிறது. தொல்லை தொடங்குவது நிலையத்துக்கு வெளியே, எஞ்சியுள்ள 10 கிலோமீட்டரில்தான். வாசலில் ஆட்டோக்காரர் ஒரு தொகை சொல்வார். அதைக் கேட்டதும் நம் முகம் சுருங்கும். "எதற்கு வீண் செலவு? ஸ்கூட்டர் இருக்கிறதே!" என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு சொல்லைப் பற்றியே இக்கட்டுரையில் சிறிது பேச விரும்புகிறோம்.

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதக் காலை வேளையில், ஊரிலிருந்து வந்த அன்பர் ஒருவரிடம் நம் தாயார் கொடுத்தனுப்பிய பொருள்களைப் பெற்றுக்கொள்ள நாமும் நம் இல்லத்தரசியாரும் நிஜாமுதீன் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் சென்றிருந்தோம். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று. மாவடு நிறைந்த பீங்கான் ஜாடி ஒன்று. மூட்டையைக் கால் வைக்கும் பலகையில் நிறுத்தினோம். ஜாடியை அம்மையார் மடியில் வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். சேலை அணிந்திருந்தமையால் ஒரு பக்கமாகவே அமர்ந்திருந்தார். யமுனைப் பாலத்தையும் நெடுஞ்சாலையையும் யாதொரு குறையுமின்றிக் கடந்தோம். மயூர் விகாரில் நம் தெருவுக்குள் நுழைந்து, வேகத்தடையின் மேல் நடை வேகத்தில் ஏறும்போது ஒரு நாய் குறுக்கிட்டது. பிரேக்கை அழுத்தினோம். மூட்டை முன்னே சரிந்தது. வண்டி இடப்புறம் சாய்ந்தபோது காலை ஊன்ற முயன்றோம். மூட்டையின் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்த கால் உரிய நேரத்தில் வெளியே வரவில்லை. வண்டி விழுந்தது.

மாவடு ஜாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மையாரின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஜாடியை விட்டுவிட்டுக் கையை ஊன்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "அத்தை கொடுத்தனுப்பியது, உடைந்துவிடுமே என்று நினைத்தேன்" என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு. மிச்சப்படுத்திய ஆட்டோக் கட்டணம் எவ்வளவு என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்று நாம் கற்ற பாடம் ஒன்றே. நாம் ஏற்றிய எடை ஒருபுறம் இருக்கட்டும். பின்னால் இருப்பவரைக் கயிறாகப் பயன்படுத்தியதே நாம் செய்த பெரும் பிழை. கயிற்றைக் கொண்டு கட்ட வேண்டிய பொருளை ஒரு மனிதரின் கைகளைக் கொண்டு கட்டினோம். கைகள் பொருளைப் பிடித்தால் வண்டியைப் பிடிப்பது எதனால்? தில்லித் தெருக்களில் இக்காட்சியை எந்நாளும் காணலாம். பின்னால் அமர்ந்து பெட்டியை மடியில் சுமக்கும் மனைவி, கிரைண்டரைக் கட்டிப்பிடித்திருக்கும் தம்பி, கண்ணாடிப் பலகையைக் கையில் உயர்த்திச் செல்லும் பணியாள் ஆகிய இவர்கள் எல்லோரும் ஒரு முழக் கயிற்றின் வேலையைத் தம் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிறார்கள்.

முன்னாளில் தில்லி கண்ட வழி

சுமை மிகுந்தபோது என்ன செய்வது என்பதற்கு இந்நகரமே ஒரு காலத்தில் நல்ல விடை கண்டிருந்தது. கனாட் பிளேசிலிருந்து செங்கோட்டை, சாந்தினி சௌக் பக்கம் ஓடிய 'பட்பட்டி' வண்டிகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹார்லி டேவிட்சன் முதலிய பெரிய மோட்டார் சைக்கிள்களின் பின்பாகத்தை மாற்றி, இரு சக்கரங்களும் இருக்கைகளும் கொண்ட ஒரு கூண்டைப் பொருத்தியிருப்பார்கள். நாட்டுப் பிரிவினைக்குப் பின் இங்கே வந்து குடியேறிய பஞ்சாபியர் பலருக்கு அவை பிழைப்பாக இருந்தன. காற்று மாசைக் காரணமாகக் கொண்டு 1990களின் இறுதியில் அவை சாலையிலிருந்து விலக்கப்பட்டன. பட்பட்டியின் ஓசையையும் புகையையும் யாரும் திரும்ப வேண்டமாட்டார்கள். எனினும் அதைச் செய்தவர்களின் அறிவு போற்றத் தக்கது. ஏற்ற வேண்டியவர் பலர் என்று கண்டபோது அவர்கள் இருக்கையை நீட்டவில்லை, சக்கரத்தைக் கூட்டினார்கள்.

ஸ்கூட்டர் குடும்ப வாகனமாக மாறிய காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1960களில் பஜாஜ் நிறுவனம் இத்தாலி நாட்டுப் பியாஜியோவின் உரிமத்தோடு வெஸ்பா வகை ஸ்கூட்டர்களைச் செய்தது. 1972இல் 'சேதக்' வந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அதை வாங்கிய அரசாங்க ஊழியர்கள் நம்மவரில் எத்தனையோ பேர். அவர்களுள் குழந்தைகள் உடையவர்கள் வண்டியின் இடப்புறத்தில் 'சைட்கார்' ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். அதில் மனைவியும் குழந்தையும் மூட்டையும் அமர, குடும்பம் மலை மந்திருக்கும் இந்தியா கேட்டுக்கும் போய் வந்தது. மூன்றாவது சக்கரம் இருந்ததனால் நின்றாலும் வண்டி சாயாது. இன்று சைட்கார் அரிதாகிவிட்டது. அதில் ஏற்றிய சுமை மட்டும் குறையவில்லை. அது மீண்டும் இரண்டு சக்கரங்களின் மேலேயே வந்து அமர்ந்துவிட்டது.

வண்டி எவ்வளவு தாங்கும்?

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இதற்கு உவமை கூறியிருப்பதைத் தமிழர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மயிலிறகைப் போல எடையற்ற பொருளே ஆனாலும், அளவு மீறி ஏற்றினால் வண்டி தாங்காது என்பது அவர் காட்டும் உண்மை. அந்த அளவு எது என்பதை மாட்டுவண்டிக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தார். நமக்கோ அது அச்சிட்டே தரப்படுகிறது. வண்டியோடு வரும் கையேட்டில், ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், மூட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மிகலாகாது என்று குறித்திருப்பார்கள். அந்தக் கையேட்டைப் பெரும்பாலோர் காப்பீட்டுக் காகிதத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

130 கிலோ அளவே குறிக்கப்பட்ட வண்டிகளும் உண்டு. கணவர் 70 கிலோ, மனைவியார் 60 கிலோ என்று கொண்டால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அரிசிக்கு ஒரு கிலோவும் மிச்சமில்லை. மனைவியார் இறங்கினால்தான் அரிசி ஏறலாம். இதில் நகைக்க ஒன்றும் இல்லை. இதுவே சரியான வழி. ஒருவர் மூட்டையோடு ஸ்கூட்டரில் வரட்டும். மற்றவர் பேருந்திலோ மெட்ரோவிலோ வரட்டும். நிஜாமுதீன் நிலையத்தருகே உள்ள சராய் காலே கான் மெட்ரோ நிலையத்துக்கு அடுத்த நிலையமே மயூர் விகார் என்பதை நாம் அந்த ஜனவரிக் காலையில் எண்ணிப் பார்க்கவில்லை.

இருக்கையின் அடியில் உள்ள பெட்டிக்கும், முன்புறத்தில் பை மாட்டும் கொக்கிக்கும்கூடத் தனித்தனியே அளவு உண்டு. கொக்கியின் அளவு ஒரு சில கிலோ மட்டுமே. அதில் பத்துக் கிலோ கோதுமை மாவை மாட்டுவோர் அந்த எழுத்தைப் படித்தவர்கள் அல்லர்.

சுமைக்கு உரிய இடம்

அளவுக்கு உட்பட்ட சுமையும் வைக்கும் இடத்தைப் பொறுத்து நண்பனாகவோ பகைவனாகவோ ஆகும். இதனை மூன்று சொற்களில் நினைவு வைக்கலாம்: தாழ்வாக, நடுவாக, சமமாக.

தாழ்வாக வைத்த சுமை வண்டியை நிலைநிறுத்தும். உயரத்தில் வைத்த அதே சுமை, வண்டி சாயும்போதெல்லாம் மேலும் சாய்க்கும். வளைவிலும், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் இதன் வேறுபாடு நன்கு தெரியும். வேகமாகச் செல்லும் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். மெல்லச் செல்லும் வண்டியை ஓட்டுபவரே நிமிர்த்த வேண்டும். சுமை வண்டிகள் பெரும்பாலும் வீட்டு வாசலிலும் நாற்சந்தியிலும் விழுவது இதனாலேயே.

நடுவாக என்பது இரு சக்கரங்களின் அச்சுகளுக்கும் இடையே என்று பொருள்படும். பின் அச்சுக்கும் பின்னால் நீண்டு தொங்கும் மூட்டை, கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை தாழ மறு முனை உயர்வது போல, முன் சக்கரத்தைத் தூக்குகிறது. முன் சக்கரம் லேசானால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. முன் பிரேக்கும் உரிய பிடிப்பைத் தராது. கைப்பிடியின் இருபுறமும் பைகளை மாட்டுவது அதைவிடத் தீது. அவை ஊசலாடும்தோறும் முன் சக்கரத்தையும் ஆட்டும். திருப்பும்போது முழங்காலில் இடிக்கும்.

சமமாக என்பதற்கு ஆசிரியர் வேண்டுமானால், விடியற்காலையில் அண்டைக் கிராமங்களிலிருந்து தில்லிக்குள் வரும் பால்காரரைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் இருபுறமும் ஒரே அளவான கேன்கள், சக்கரத்தின் பக்கத்தில் தாழத் தொங்குகின்றன. நம் நாட்டுப்புறத்திலும் இதே அறிவு உண்டு. 1980இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50, தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் சுமைக் கழுதை என்றே சொல்லத் தக்கது. தாழ்ந்த இருக்கையும் முன்னே காலியான இடமும் அதன் சிறப்பு. இளநீர்க் குலையையும் புல்லுக்கட்டையும் அதில் ஏற்றுபவர், முதலில் இரு பக்கமும் கை வைத்துத் தூக்கிப் பார்த்து எடை ஒத்திருக்கிறதா என்று கண்ட பின்னரே புறப்படுவார். ஆனால் பால்காரரும் சில வேளை விழுகிறார் என்பதையும் மறத்தலாகாது. பாதி நிறைந்த கேனில் திரவம் அலைமோதி வண்டியை ஆட்டும். தண்ணீர் கேனோ எண்ணெய் டின்னோ, நிறைந்து மூடியதாக இருத்தல் நன்று.

ஸ்கூட்டரின் கால் பலகை தாழ்வான இடம், நடுவான இடம், மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே வைக்கும் பொருள், இரு பாதங்களும் முழுமையாக உள்ளே பதிந்து, நினைத்தவுடன் தரையில் ஊன்ற இடம் தருவதாக இருக்க வேண்டும். கால்களை இருபுறமும் அகற்றி வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தால் அம்மூட்டை அங்கே வைக்கத் தக்கது அன்று. கால் பிரேக் உள்ள வண்டியில் அந்த மிதியின் பக்கம் எதுவும் சரிந்து வராதபடி கட்டியிருத்தல் இன்றியமையாதது.

கட்டும் முறை

கட்டப்படாத மூட்டைக்குப் பிரேக் இல்லை. வண்டி நின்றாலும் அது தன் வேகத்திலேயே முன்னே போகும். ஆதலின் இருக்கையின் மேல் வைத்து உட்கார்ந்து அழுத்திக்கொள்வதும், முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொள்வதும் கட்டுவது ஆகா.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு இன்று எங்கும் விற்கிறது. லேசான பைக்கு அது போதும். கனமான சுமைக்கு நீளாத நைலான் கயிறோ பட்டை நாடாவோ வேண்டும். ரப்பர் நீண்டு கொடுப்பதால் மூட்டை குலுங்கும் ஒவ்வொரு முறையும் கட்டுத் தளரும். மேலும், இழுத்துப் பிடித்த ரப்பர் கயிற்றின் கொக்கி கை நழுவினால் நேரே முகத்துக்குப் பாயும். மாட்டும்போது முகத்தை ஒதுக்கி வைத்துக்கொள்க. ஒரே கயிற்றை நம்பாமல் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுவது நல்லது. வண்டியின் உறுதியான இரும்புச் சட்டத்தில் கட்ட வேண்டும். திரும்பும் விளக்கிலும் எண் பலகையிலும் கட்டலாகாது. புகைக் குழாயில் பட்டால் நைலான் உருகிவிடும்.

கட்டி முடித்த பின் எஞ்சும் கயிற்று நுனியை மடித்துச் செருகிவிடுக. தொங்கும் கயிறு சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சேலைத் தலைப்புக்கும் துப்பட்டாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் படியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி வற்புறுத்துகிறது. அழகுக்காக அக்காப்பைக் கழற்றி வைப்போர் உண்டு. அதனால் அபாயத்துக்கு உள்ளாகுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

கட்டிய பின் மூட்டையைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். மூட்டை மட்டும் அசைந்தால் அவிழ்த்து மீண்டும் கட்டுக. மூட்டையோடு வண்டியும் அசைந்தால் புறப்படலாம். ஒரு கிலோமீட்டர் சென்றதும் ஓரமாக நிறுத்தி மறுபடி உலுக்கிப் பார்ப்பது, நாம் இப்போது தவறாமல் கைக்கொள்ளும் வழக்கம்.

ஓட்டும் முறை

சுமையோடு செல்லும் வண்டி நாம் பழகிய வண்டி அன்று. புறப்படுமுன் டயரில் காற்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் செல்லும்போது ஓர் அளவும், இருவர் செல்லும்போது பின் சக்கரத்துக்கு அதைவிடக் கூடிய அளவும் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். சுமை ஏற்றும் நாளில் இரண்டாவது அளவே உரியது. பின்புறம் தாழ்வதனால் முன் விளக்கு மேல்நோக்கும். எதிரே வருபவர் கண் கூசும், நமக்கோ முன்னுள்ள பள்ளம் தெரியாது. டிசம்பர், ஜனவரி மாதப் பனிமூட்டத்தில் இது பெருங்கேடு.

வேகம் இரு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இது எல்லா வண்டிக்கும் பொது. சுமை வண்டியில் பிரேக்குக்கு வேலை இன்னும் மிகுதி. ஆகவே முன்னே செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு இடைவெளி விடுக. இரு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்துக. வேகத்தடையை நேராக ஏறுக. சாய்வாக ஏறுவது சுமையைப் பக்கவாட்டில் உலுக்கும்.

தில்லியின் காற்றுக்கும் ஒரு சொல். மே, ஜூன் மாதங்களில் எதிர்பாராமல் எழும் புழுதிப் புயல், யமுனைப் பாலங்களின் மேல் பக்கவாட்டில் வந்து மோதும். அகன்ற அட்டைப் பெட்டியும் மடித்த மெத்தையும் அப்போது பாய்மரமாகிவிடும். எடை குறைவு என்று எண்ணி அவற்றை ஏற்றியவர், காற்றுக்கு எடை தேவையில்லை என்பதைப் பாலத்தின் நடுவில் அறிவார். மழைக்காலத்தில் மின்டோ பாலத்தின் அடியில் தேங்கும் நீரைப் பற்றிச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. நீர் மூடிய பள்ளத்தில் இறங்குவதைவிடச் சுற்றுவழி செல்வதே மேல்.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே உடன் செல்லலாம் என்கிறது. 2019 செப்டம்பர் முதல் இதனை மீறுவோருக்கு 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் உரிமம் இழக்கும் தண்டனையும் உண்டு. நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். தில்லியில் பெண்களுக்கு நெடுங்காலம் இருந்துவந்த விலக்கு 2014இல் நீக்கப்பட்டது. சீக்கியப் பெண்களுக்கு மட்டும் அவ்விலக்குத் தொடர்ந்தது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கு ஏற்ற தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. இவ்விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது.

பெட்டி பொருத்த விரும்புவோருக்கும் 2020ஆம் ஆண்டு விதித்திருத்தம் ஒரு வரம்பு வகுத்தது. நீளம் 55 சென்டிமீட்டர், அகலம் 51, உயரம் 50 என்பவற்றுக்கு மேற்படாத லேசான பெட்டி பொருத்தலாம். அது பின் இருக்கையின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஓட்டுபவர் ஒருவரே செல்லலாம். பொருளுக்கு இடம் கொடுத்தால் ஆளுக்கு இடமில்லை என்பதே இதன் கருத்து. நாம் மணிக்கட்டை முறித்துக்கொண்டு கற்றதைச் சட்டம் ஒரு வரியில் சொல்லிவிட்டது.

ஏற்றவே கூடாதவை

சில பொருள்களை எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் இரு சக்கரத்தில் ஏற்றலாகாது. எரிவாயு சிலிண்டர் அவற்றுள் முதலாவது. வீட்டுச் சிலிண்டரில் உள்ள வாயு 14.2 கிலோ, இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ. நிமிர்ந்து நிற்க வேண்டிய அதனைப் படுக்க வைத்து, உருளும் நிலையில், எஞ்சினுக்கு அருகே கொண்டு செல்கிறோம். வாயு நிரம்பிய சிலிண்டரை இரு சக்கர வாகனத்தில் கொண்டு செல்வதை 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகள் தடுக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது விநியோகிப்பவரின் கடமை. அதற்கு நாம் ஒரு நாள் காத்திருப்பதில் குறையொன்றும் இல்லை.

அடுத்தது கரும்பு. பொங்கலுக்கு முதல் நாள், தோகையோடு கூடிய முழுக் கரும்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு நெரிசலில் நுழைவோரைக் காண்கிறோம். முன்னே ஒரு முழம், பின்னே இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு பிறர் கண்ணுக்கு வேல் ஆகும். அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரு டெம்போ வைத்துக்கொண்டால் கரும்பும் வாழைக்கன்றும் மஞ்சள் கொத்தும் ஒன்றாக வந்து சேரும். அதற்கும் வழியில்லை என்றால் கடையிலேயே இரண்டாக வெட்டிக் கட்டி வாருங்கள். வெட்டிய கரும்பு இனிக்காமல் போய்விடாது. நவராத்திரிக்கு முன் கொலுப்படிப் பலகைகளைக் கொண்டுவருவோருக்கும் இதையே விண்ணப்பித்துக்கொள்கிறோம்.

கிரைண்டர் வாங்குவோர் கல்லையும் பாத்திரத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லி இரு முறையாகக் கொண்டுவரலாம். அல்லது கடைக்காரரையே அனுப்பித் தரச் சொல்லலாம். உருண்டையான கனத்த பொருளை எக்கயிறும் முழுமையாக அடக்காது.

சிக்கனம் என்பது எது?

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிர் துறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களுள் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவர்கள் எல்லோரும் மூட்டை ஏற்றியவர்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் இவ்வளவு மெலிந்த பாதுகாப்புடைய ஒரு வாகனத்தின் மேல், வேண்டாத பாரத்தையும் ஏற்றுவது அறிவுடைமை ஆகுமா என்றே கேட்கிறோம்.

அயலூரில் வாழ்பவன் சிக்கனமாக வாழ வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. தில்லிக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, காசுக்குக் காசு எண்ணிக் குடும்பத்தை நிலைநிறுத்திய தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஆனால் அவர்களும் ரயில் நிலையத்திலிருந்து வீடு வர ஒரு குதிரை வண்டியோ பட்பட்டியோ பிடித்தார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எதைச் சேமிக்கலாம், எதைச் சேமிக்கலாகாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று புது தில்லி, நிஜாமுதீன் நிலையங்களில் முன்பணம் செலுத்தி ஆட்டோ பெறும் வசதியும் இருக்கிறது. பேரம் பேசும் வேதனையும் இல்லை.

ஆதலின் வாசக அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. அடுத்த முறை ஊர் மூட்டையை வாங்கிவரப் புறப்படும்போது, ஸ்கூட்டர் சாவியோடு இரண்டு கயிறுகளையும் எடுத்துச் செல்லுங்கள். மூட்டையைக் கட்ட அவை போதுமானால் கட்டிக்கொண்டு, தனியே, மெல்ல வாருங்கள். போதாவிட்டால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். எந்நிலையிலும் உடன் வந்தவரின் மடியில் மட்டும் அதை வைக்காதீர்கள்.

நம் வீட்டு மாவடு ஜாடி இன்றும் அடுக்களையில் இருக்கிறது. அதன் பின் ஊரிலிருந்து வந்த ஜாடிகள் எல்லாம் ஆட்டோவிலேயே வந்தன. குளிர்காலத்தில் மணிக்கட்டு வலிக்கும்போது அம்மையார் அந்த ஜாடியைப் பார்த்துச் சிரிப்பார். நம்மால் சிரிக்க முடிவதில்லை.